எதிரில் இருந்த முகம்

பழந்துணிக் கொட்டகையில் கம்பளி மேசைக்கு இரண்டு முக்காலிகள். ஒன்றில் பெரியவள், எதிரே சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். அண்ணனும் தம்பியும் மாதத்தில் இருபது நாள் லாரியோடு வெளியூரில் கிடப்பதால் வீட்டிலும் இவர்கள் இருவர்தான், வேலையிலும் இவர்கள் இருவர்தான். "உங்களுக்குச் சண்டை போடக்கூட வேற ஆள் தேட வேணாம்" என்று பக்கத்து மேசைப் பெண்கள் கேலி செய்வார்கள்.

கொட்டகையில் பெரியவளுக்குப் பெயர் மூக்கக்கா. மூக்கு பெரிதென்று வைத்த பெயரல்ல. மூட்டை மூட்டையாக வரும் பழைய உடுப்புகளில் எது அசல் கம்பளி, எது கம்பளிபோலப் பின்னிய செயற்கை நூல் என்று பிரிப்பது அவள் வேலை. காலருக்குள் தைத்திருக்கும் சீட்டை அவள் படிப்பதில்லை. "சீட்டைத் தைச்சவன் ஆட்டைப் பாத்தானா?" என்பாள்.

தொட்டாலே பாதி தெரிந்துவிடும். சந்தேகமானதற்குத்தான் நெருப்பு. உடுப்பின் உள்ளோரத்திலிருந்து ஒரு நூலை உருவவேண்டும். தையல் நூலை அல்ல, பின்னல் நூலை. சாமணத்தில் பிடித்து மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில் காட்டவேண்டும். கம்பளியானால் சுருண்டு பின்வாங்கும், சோம்பலாக எரியும், சுடரை விட்டு எடுத்ததும் தானே அணைந்துவிடும். தலைமுடி கருகிய வாடை வரும். சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். செயற்கை நூல் உருகும், ஆறியதும் கடுகுபோல் கெட்டி மணியாக நிற்கும். கம்பளிக்குப் பெரியவள் "ஆடு" என்று குரல் கொடுப்பாள், மற்றதற்கு "டப்பா". சின்னவள் அந்தந்தக் கூடையில் எறிவாள். ஆட்டுக்கூடை நிறைந்ததும் மூட்டை கட்டி, வாயைத் தைத்து, தன் அடையாளமாகப் பச்சை நாடா ஒன்றை முடிந்துவிடுவாள். மூட்டைகள் ஆலைக்குப் போகும். அங்கே எல்லாவற்றையும் கிழித்து, நூற்று, சாயமேற்றிப் போர்வை நெய்வார்கள். கம்பளிச் சாயம் செயற்கை இழையில் பிடிக்காது.

கண்ணுக்குச் சிக்காதது கலப்புதான். கம்பளியோடு கொஞ்சம் செயற்கை இழை கலந்திருந்தால், டப்பாவில் சேரவேண்டிய அதுவும் கம்பளிபோலவே சுருளும், அணையும், பொடியாகும். பொடிக்குள் மணல்போல் ஏதோ நெருடும். ஆனால் பத்தொன்பது வருஷம் சூடான சாம்பலைத் தேய்த்து மரத்துப்போன கட்டைவிரலுக்கு அந்த நெருடல் தெரியாது. அதற்கு மூக்கு வேண்டும். முடி வாடைக்குப் பின்னாலேயே ஒரு புளித்த காரம் வந்து மூக்கின் அடியில் குத்தும்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல். காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அவளுக்கு அது தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி, வழிந்து, அடியும் பிடித்துவிட்டது. சின்னவள் மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"எந்த உலகத்துலக்கா இருக்கீங்க?"

"ஏதோ யோசனை."

சின்னவள் போனதும் ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி மூக்கோடு வைத்து இழுத்தாள். வெறும் காற்று.

"வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். பெரியவள் யாரிடமும் சொல்லவில்லை. கம்பளி மேசையை விட்டு எழுந்தால் அவள் வயதுக்கு வேறு மேசை கிடையாது. வெட்டுமேசையில் நின்றபடியே வேலை; அவள் முழங்கால் அரை நாள் தாங்காது. எழுந்தால் நேரே வாசல்தான். வாசலுக்கு வெளியே அவள் மூக்கக்கா இல்லை, ஒரு லாரிக்காரர் சம்சாரம், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் குருட்டாம்போக்கில் ஓடியது. பிறகு ஒரு நாள், நூல் புகைந்துகொண்டிருக்கும்போது தற்செயலாக நிமிர்ந்தவள் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். காற்றாடி புகையை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. சின்னவளின் இடது கண் லேசாகச் சுருங்கி விரிந்தது. பெரியவள் அந்த உடுப்பை மேசைக்கடியில் ஒதுக்கி, மத்தியானம் யாருமில்லாதபோது சாம்பலை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பார்த்தாள். காகிதம் கீறியது. கலப்பு.

மறுநாள் காற்றாடியைத் தன் முதுகுப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "எனக்கு வேர்க்குது" என்றாள். அதன்பின் எட்டு மாதம் அவள் மோப்பம் பிடிப்பதுபோல் குனிவாள், நிமிர்வாள், எதிரே அந்த இடது கண்ணைப் பார்ப்பாள், சொல்வாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சின்னவளுக்குத் தன் முகம் பேசுவது தெரியாது.

"என்னக்கா, அடிக்கடி என்னையே பாக்கறீங்க?"

"உன் மூஞ்சில பவுடர் திட்டுத்திட்டா இருக்கு."

பிறகு தூசிச் சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று மேஸ்திரி எல்லோருக்கும் மாஸ்க் கொடுத்தார். பெரியவளிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு வேணாம்மா. மூக்குதானே உங்க முதலு."

சின்னவள் வாங்கிக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு நாள்பட்ட இருமல் இருந்தது. புகை உள்ளே போகாததால் கண்ணும் சுருங்கவில்லை.

"கழட்டி வைடி. மூச்சு முட்டும்."

"இல்லக்கா. இப்பதான் நெஞ்சு லேசா இருக்கு."

இரண்டாம் நாளும் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அதட்டினாள். "நான் நல்லா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே" என்றாள் சின்னவள். பக்கத்து மேசை சிரித்தது. அன்று நங்கூரப் பொத்தான் வைத்த வெள்ளைக் கம்பளிச் சட்டைகள் ஒரே மாதிரி நாற்பது வந்தன. பெரியவள் ஒரு நூலை எரித்தாள். சுருண்டது, அணைந்தது, பொடியானது. காகிதத்தில் தேய்த்துப் பார்த்திருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கக்கா காகிதத்தில் தேய்ப்பதா?

"ஆடு" என்றாள்.

மூன்றாவது வாரம் ஆலையிலிருந்து ஒரு போர்வையும் பச்சை நாடாவும் திரும்பி வந்தன. மேஸ்திரி போர்வையை மேசையில் விரித்தார். கருநீலத்தில் சாயம் ஏறாத வெள்ளை இழைகள் போர்வை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

"கம்பளிக்குப் பொடுகு வந்திருக்கு. ஆலைக்காரன் எங்கிட்ட ஷாம்பு கேக்கறான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "கடைசிக் கை யாருது?"

கடைசியாக மூட்டையைத் தொட்ட கைதான் பதில் சொல்லவேண்டும் என்பது கொட்டகை வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன் ஒருத்தி கூடை மாற்றிப் போட்டதைப் பிடித்து, இந்த வழக்கத்தைக் கேட்டு வாங்கியவளே பெரியவள்தான்.

"என்னுது" என்றாள் சின்னவள். "ஆனா அக்கா சொன்னதைத்தான் போட்டேன்."

"மூக்கக்கா தப்பு சொல்ல மாட்டாங்க. நீதான் கூடை மாத்தியிருக்க."

சின்னவள் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினாள். "அக்கா, அந்த நங்கூரப் பொத்தான் சட்டை. ஆடுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஞாபகம் இருக்கில்ல?"

பெரியவள் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொத்தானும் ஞாபகம் இருந்தது.

"தினமும் ஆயிரம் சட்டை வருது" என்றாள். "எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

சின்னவள் இருமினாள். சாயங்காலத்துக்குள் அவளை வெட்டுமேசைக்கு மாற்றிவிட்டார்கள், தூசி அதிகமுள்ள கோடிக்கு.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் அடுப்புக்கு முதுகைக் காட்டி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். சின்னவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு எங்கேயோ போனாள். வெகுநேரம் கழித்துப் பெரியவள் நிமிர்ந்தபோது சமையலறை முழுக்கப் புகை. வாசற்படியில் சின்னவள் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் போகவே இல்லை.

"எத்தனை மாசமா?"

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள். "மழையிலேருந்து."

"அப்ப எப்படிச் சொன்னீங்க, இத்தனை நாளா?"

"உன் கண்ணு. இடது கண்ணு. கலப்புன்னா சுருங்கும்."

சின்னவள் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா மூஞ்சியையே கழட்டிக் குடுத்திருப்பேனேக்கா" என்றாள்.

"நாளைக்கு மேஸ்திரிகிட்ட சொல்லிடறேன்."

"சொல்ல மாட்டீங்க." குரலில் கோபம் இல்லை. "இன்னிக்குச் சொல்லல இல்ல? அந்த முக்காலிதானே வேணும்? உக்காந்துக்குங்க." அடுப்பை அணைத்துவிட்டு, கருகிய பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் திறந்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. மறுநாள் மேஸ்திரி இரண்டு முறை மேசைப்பக்கம் வந்தார். இரண்டு முறையும் பெரியவள் வாயைத் திறந்தாள். ஒரு முறை மெழுகுவத்தி கேட்டாள். இன்னொரு முறை காற்றாடி சத்தம் போடுகிறது என்றாள்.

எதிர் முக்காலிக்குப் புதிதாக ஒருத்தியை அனுப்பியிருந்தார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. பழுப்பு நிறச் சட்டை ஒன்று வந்தது. பெரியவள் நூலை உருவி எரித்தாள். சுருண்டது, அணைந்தது. கட்டைவிரலில் பொடி ஒட்டிக்கொண்டது. குனிந்து முகர்ந்தாள்.

"ஆடாக்கா, டப்பாவா?" என்று கேட்டாள் புதியவள், சட்டையை இரு கூடைக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தபடி.

பெரியவள் கொட்டகையின் கோடியைப் பார்த்தாள். தூசிக்குள் சின்னவளின் முதுகு குலுங்கியது, இருமலில்.

"ஆடு" என்றாள்.