பையோடு இறங்கிய நிலையம்

டொராண்டோவிலிருந்து உறவினரைப் பார்க்கப் போன நாங்கள், ஸ்டொக்ஹோமில் ஒஸ்லோ ரயில் ஏறினோம். கணவரிடம் அகதிப் பயணப் பத்திரம்தான் இருந்தது. "வழியில ஆராவது மறிச்சுக் கேட்டால் நான் கதைக்கிறன்" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவள் நான்.

இரு நாடுகளின் எல்லையருகே ஒரு நிலையத்தில் ரயில் நின்றது. சீருடைக்காரர் ஒருவர் ஏறினார். போர்க்காலத்தில் ஊரில் இராணுவச் சோதனைச்சாவடிகளில் இறங்கி நின்ற பழக்கத்தில் இருவரும் பைகளோடு இறங்கி, அவற்றைத் திறந்துவைத்து நின்றோம். வேறு யாரும் இறங்கவில்லை. கணவரைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

"கதைக்கிறன் எண்டனீர், கதையுமன்!" என்றார் கணவர்.

நான் பையை இன்னும் அகலத் திறந்துவைத்தேன்.

சீருடைக்காரர் ஓடிவந்தார். "ஏன் இறங்கினீர்கள்? நான் பயணச்சீட்டுப் பார்ப்பவன். ரயில் புறப்படுகிறது!" என்று ஆங்கிலத்தில் சொல்லி, எங்கள் பைகளைத் தூக்கி ஏற்றினார்.

இன்றும் டொராண்டோவிலிருந்து பிக்கரிங் போகும் ரயிலில் சீருடையைக் கண்டால், பட்டம் வாங்கிய என் கை முதலில் பையைத்தான் திறக்கிறது.