கிளை இல்லாமல் வந்தவள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது. வேப்பங்குச்சியும் கையுமாகக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயதிருக்கும். முழங்கால் வரை செம்மண் புழுதி. கையில் ஒன்றும் இல்லை.

"வாத்தியாரு ஊடு இதுதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"நாச்சிமுத்து மவ பாவாயிங்க. நாலு மைல் நடந்து வாரேன். அந்தக் கதையில வர்ற ராசா மாதிரி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு வந்தேன்."

எந்தக் கதை... எந்த ராஜா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்காது. ஆகவே இரண்டு நாள் பின்னால் போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நேரங்களை மாற்றவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் டயரியில் குறித்துவைப்பவன் நான்.

நான் ஹைஸ்கூலில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவன். ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு எங்கள் வாசகசாலையில் ஒரு வெளிதேசத்துக் கதை சொல்வதும் வழக்கம். போன ஞாயிறு சொன்னது ஒரு பழைய கிரேக்க சோக நாடகம். அதன் தலைப்பு ஒரே ஒரு சொல். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாக நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். சரணாகதர்... அபயார்த்திகள்... ஒன்றும் சரிப்படவில்லை.

அந்தத் தலைப்பில் ராஜா இல்லை, வீரன் இல்லை. அடைக்கலம் கேட்டு வந்த பெண்கள் என்று பொருள். வேர்ச்சொல் வெறுமே 'வந்து சேர்வது' என்று என் அகராதி சொல்கிறது. அந்த நாட்டில் அடைக்கலம் கேட்பவர் கையில் ஒரு மரக்கிளை இருக்கும். அதில் வெள்ளைக் கம்பளி சுற்றியிருக்கும். அதோடு கோயிலில் உட்கார்ந்துவிட்டவரைத் தொட்டு இழுப்பது பாவம். முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தாலும் 'அடைக்கலம் கேட்டவர்' என்ற பெயர் உண்டு. அந்தப் பெயர் வந்துவிட்டால் காவலும் உண்டு.

கதை இதுதான். சில பெண்களை அவர்களுடைய சித்தப்பன் மக்களுக்குக் கட்டாயமாகக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். பெண்கள் கப்பலேறி வேறொரு நாட்டுக்கு ஓடிவந்து கிளையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளே விட்டால் யுத்தம் வரும். விரட்டினால் தெய்வக் குற்றம். அந்த ஊர் ராஜா திகைக்கிறான்...

இந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த நாச்சிமுத்து எழுந்துவிட்டார். மஞ்சள் பயிரிடுகிறவர். என் வயதுதான். ஒரு ஞாயிறும் தவறாதவர்.

"இருங்க வாத்தியாரே. சித்தப்பன் மவனையா கட்டச் சொல்றாங்க? அண்ணந்தம்பி முறையல்லோ? கருமம்."

"அந்த ஊரில் அது தப்பில்லைங்க" என்றேன்.

"எந்த ஊரா இருந்தா என்னங்க? புள்ளைங்க ஓடி வந்தது நூத்துக்கு நூறு சரி. உள்ள வாங்க சாமின்னு கூப்பிடறதை விட்டுப்போட்டு, அந்த ராசாவுக்கு என்ன ரோசனை?"

சபை முழுவதும் ஆமாம் போட்டது. நாடகத்தில் அந்தப் பெண்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பது அத்தனை தெளிவாக இல்லை. படித்தவர்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களாம். எங்கள் வாசகசாலைக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது. கடைசியில் அந்த ராஜாவும் 'இங்கேயே இருங்கள்' என்று சொல்லிவிடுகிறான்.

நாச்சிமுத்து தம் வீட்டுக்குப் போய், சாப்பிடும்போது கதையை ஒரு வரி விடாமல் சொல்லியிருக்கிறார். அடுப்படியில் இருந்து பாவாயி கேட்டிருக்கிறாள். அதுதான் ஆறு நாற்பதுக்கு என் கேட் திறந்த காரணம்.

என் மனைவி அவளை உள்ளே அழைத்துப் போய்க் கால் கழுவ வைத்து, களியும் மோரும் கொடுத்தாள். பிறகுதான் விஷயம் வந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு வெற்றிலை மாற்றுகிறார்கள். மாப்பிள்ளை, அத்தை மகன். இவளைவிட இருபது வயது மூத்தவன். மனைவியை இழந்தவன்.

"மொதல் பொண்டாட்டி கெணத்துல உழுந்தது எப்படின்னு ஊர்ல ஒருத்தரும் கேக்கலீங்க" என்றாள் பாவாயி. "நான் கேட்டேன். எங்கய்யன் எந்திரிச்சு மஞ்சக்காட்டுக்குப் போயிட்டாரு."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சித்தப்பன் மகன் என்றால் தீர்ப்பு சுலபம். இது அத்தை மகன். எங்கள் பக்கத்தில் முறைப்பையனுக்கு இருக்கும் உரிமை சாதாரணமா? பெண்ணை வேறிடத்தில் கொடுப்பதென்றால் அவனுடைய சம்மதத்தைச் சபையில் கேட்டு வாங்க வேண்டும். நானே மாமன் மகளைக் கட்டியவன்தானே...

அதை என் மனைவியிடம் சொன்னேன்.

"என்னைய யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை.

புதன்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு நாச்சிமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை.

"நீங்க சொன்னா வந்துருவா. சொல்லி அனுப்புங்க வாத்தியாரே."

"ஞாயிற்றுக்கிழமை ராஜாவுக்கு என்ன யோசனைன்னு கேட்டீங்களே?"

"அது வேறங்க. இது முறை. எங்கக்காளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். மாறினா அவ எம்பட ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டா. எனக்கு இருக்கறது ஒரே கூடப்பொறப்பு."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாளைக்குச் சொல்கிறேன்." அந்த ராஜாவும் முதலில் இப்படித்தான் தள்ளிப்போட்டான் — ஊர் ஜனங்களைக் கேட்க வேண்டும் என்று. கதை சொல்லும்போது அவனை நானும் கொஞ்சம் கேலி செய்திருந்தேன்.

அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தை இரண்டு தடவை நடத்தினேன். சாயங்காலம் கிணற்றடிக்கும் கேட்டுக்கும் நாற்பத்தொரு தடவை நடந்தேன். எண்ணினேன்... வேறென்ன செய்ய?

"ஏனுங்க, நடந்து எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள் என் மனைவி. சற்றுப் பொறுத்து இரண்டு பெண்களும் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு நின்ற இடத்தில், அவளைத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முடியாது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

இன்று வியாழன். ஏழு ஐம்பத்தைந்துக்கு மறுபடியும் அதே வண்டி.

"பொண்ணு இங்கேயே இருக்கட்டுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றை மறுபடியும் இழுத்துக் கட்டினார்.

"நாளைக்கு மாப்பிள்ளை ஆளுகளோட உங்க ஊட்டுக்குத்தான் வருவான்."

"வரட்டுங்க."

"அந்த ராசாவுக்குப் பொட்டப்புள்ளை இருந்திருக்காதுங்க வாத்தியாரே. இருந்திருந்தா உங்க கதை வேற மாதிரி போயிருக்கும்."

அவர் வண்டிக்குள் குனிந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். கொண்டுவந்து எங்கள் வாசற்படியில் வைத்தார். வண்டியேறிப் போய்விட்டார்.

மூட்டையில் பாவாயியின் மூன்று புடவைகளும் ஒரு சீப்பும் இருந்தன. பெண்ணைக் கூட்டிப்போக வந்தவர், அவளுடைய துணிமணியை எதற்காக நாலு மைல் கொண்டுவந்தார்? நேரத்தை நிமிஷக் கணக்கில் குறிக்கிற எனக்கு, அவர் போன பிறகுதான் இந்தக் கேள்வியே தோன்றியது.

நாளைக்கு என்ன நடக்கும், தெரியவில்லை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து போய் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நாடகத்துக்குத் தமிழ்த் தலைப்பு மட்டும் கிடைத்துவிட்டது. தேடிய நோட்டில் இல்லை. டயரியில் செவ்வாய்க்கிழமை நானே எழுதியிருக்கிறேன்: 'காலை 6.40. வந்தாள்.'

டயரியில் இன்றைய கணக்கையும் முடித்தேன். நாச்சிமுத்து போன நேரம் 8.10. பாவாயி போன நேரம் — அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன்.