ஏரிக்குள் ஒரு ஸ்டேடியம்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி பிறந்ததே ஏரி வற்றியதால்தான். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கம் மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. கல்லூரிக்கென்று மைதானம் கிடையாது. பின்பக்கம் காய்ந்து கிடந்த ஏரியில் இறங்கி ஆட ஆரம்பித்தோம், ஸ்டேடியம் என்று நாங்களே பெயரும் வைத்துக்கொண்டோம். ஏரிக்கரைதான் கேலரி. மாடு குறுக்கே வந்தால் ரெஃப்ரி விசில் ஊதுவார். அது போன பிறகு மறுபடி ஆட்டம். அதற்கப்புறம் எத்தனையோ மைதானம் பார்த்துவிட்டேன், எதன் மேலும் அவ்வளவு ஆசை வந்ததில்லை.

தரையெல்லாம் வெடிப்பு. பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது. வெளியூர்க்காரர்கள் திண்டாடுவார்கள். எங்கள் கோல்கீப்பர் மட்டும் கடைசி நொடிவரை அசையாமல் நின்று, பந்து திரும்பிய பிறகு பாய்வான். திருப்புலிவனம் பக்கத்துப் பையன். அவன் அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். ஏரியில் அவன் கோல் விட்டு நான் பார்த்ததாக நினைவில்லை. கேப்டன் என்ற முறையில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கடைசி வருஷம், பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர் எங்கள் ஏரிக்கே வந்து ஆட்டம் பார்க்கப்போவதாக பி.டி. சார் சொன்னார். எங்கள் கோல்கீப்பர் தேர்வாகிவிட்டால் அவனுக்கு ஒரு வேலைக்கு வழி பிறக்கும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் பிடுங்கி வைக்கும் சவுக்குக் கோல் கம்பங்களை இந்த முறை சிமென்ட் போட்டு நட்டேன். மாடு மேய்க்க வந்தவர், "ஏரிக்குள்ள இன்னாத்துக்குப்பா கடக்கால் போடுறீங்கோ, வூடு கட்டப் போறீங்களா?" என்று சிரித்தார்.

ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. செய்யாற்றுத் தண்ணீரும் கால்வாயில் வந்து சேர்ந்தது. ஊரே கரையில் நின்று, "கோலு பாதி முழுவிப்போச்சு" என்று என் கம்பத்தை வைத்தே தண்ணீரை அளந்தது. நான் வாய்க்கு வந்தபடி வானத்தைத் திட்டினேன். கோல்கீப்பர் என் வாயைப் பொத்தினான்.

"மழைய திட்டாதடா. எங்கம்மா நடவுக்குப் போயி மூணு வருசம் ஆவுது."

சொன்னதோடு விடவில்லை, எல்லோருக்கும் முன்னால் மழையில் இறங்கிக் குதித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆட்டம் காஞ்சிபுரத்துக்கு மாறியது. வழவழவென்று புல் தரை. பந்து நேராகத்தான் வந்தது. அவன் வழக்கம்போல அது திரும்பட்டும் என்று காத்து நின்றான். நான்கு கோல். ஆள் எடுக்க வந்தவர் பாதியிலேயே எழுந்து போனார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

திரும்பும் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன. அவன்தான் பேசினான்.

"மழ வந்தப்போ நீ இன்னாடா வேண்டிக்கின?"

"ஏரி ரொம்பணும்னுதான்" என்று கூசாமல் புளுகினேன்.

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் மழ நின்னு போவணும்னு வேண்டிக்கினேன்டா. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."