மறுபடி திறந்த தழும்பு

மருத்துவர் அறைக்குள் அன்று இருந்தவர்கள் நான், என் அப்பா, என் மனைவியின் தாய்மாமன், கதவோரம் நின்றிருந்த என் அம்மா. இல்லாதவள் என் மனைவி. வைத்தியம் அவளுக்குத்தான். காஞ்சிபுரத்தில் அந்த மருத்துவமனையின் மருந்துக் கடைக்கு எதிரே ஒரு பெஞ்சில் கைக்குழந்தையோடு அவளையும், துணைக்கு அவள் அம்மாவையும் உட்காரவைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். டாக்டர் ஆண்பிள்ளை, பேசப்போவது மார்பைப் பற்றி, பெரியவங்க இருக்கும்போது அவ உள்ள எதுக்கு என்றார் அப்பா. எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவளும்தான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி இடது பக்கம் ஒரு கட்டி எடுத்திருக்காங்க இல்லையா? அப்பவே பால் வர்ற குழாயும் அறுபட்டிருக்கு,” என்றார் மருத்துவர். “இப்ப பால் சுரந்ததும் வெளிய வர வழியில்லாம உள்ள தேங்கிச் சீழ் பிடிச்சுது. உங்க ஊர்ல அதைக் கீறி விட்டிருக்காங்க. கீறின வாய் மூடல. பால் அந்த ஓட்டை வழியா ஒழுகுது. பழைய தழும்பையே மறுபடி திறந்து, உள்ள கெட்டதை எடுத்துட்டு, ஒழுங்கா தைக்கணும்.”

“தெச்சா அந்தப் பக்கம் பால் வருமா சார்?” என்று கேட்டார் அப்பா. “நாளைக்கி இன்னொரு புள்ள பொறந்தா வோணுமே.”

“வராது பெரியவரே. அந்தப் பக்கத்தை இனிமே நம்பாதீங்க.”

தாய்மாமன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “பாலும் வராதுன்றீங்க. அப்பறம் எதுக்கு சார் அறுத்த எடத்தயே அறுக்கணும்?”

“அந்தப் பொண்ணுக்குப் புண்ணு ஆற வேணாமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் வாத்தியார். குட்டி போட்டுப் பால் கொடுப்பவை பாலூட்டிகள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். கல்லூரியில் நான் அறுத்துப் பார்த்தது தவளையை. ஒரு பெண்ணின் மார்புக்குள் எத்தனை குழாய் ஓடுகிறது என்று எனக்கும் தெரியாது.

“நீ படிச்சவன். இன்னாடா சொல்ற?” என்றார் அப்பா.

“எப்ப செய்யணும் சார்?” என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பக்கம் பால் நின்றால்தான் கத்தி வைக்க முடியும் என்றார். குழந்தையை இடது பக்கம் விட வேண்டாம், மெதுவாகத் தானே குறையும், வலது பக்கம் தாராளமாகக் கொடுக்கலாம். ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்பதை எழுந்து நின்று சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் இல்லம்மா, தானா ஆறிடுமாம்,” என்றார் தாய்மாமன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தேன். ஆனால் வீடு சேர்ந்ததும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டாள்.

“வராதுன்னா வராம போவட்டும். எனுக்கு இந்த ஈரம் நின்னா போதும்ங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, காஞ்ச ஜாக்கெட்டு போட்டுக்கினு ஒக்காரணும்.”

அந்த ஈரத்தை அப்பா பார்த்ததில்லை, தாய்மாமன் பார்த்ததில்லை. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அது நனைந்து, ரவிக்கை நனைந்து, முந்தானை நனையும். புளித்த பால் வாடைக்கு ஈ வரும். குழந்தைக்கு வலது பக்கம் கொடுக்கும்போது இடது பக்கம் ஓட்டையிலிருந்து சொட்டும். ஒரு கையால் குழந்தையைப் பிடித்து, மறு கையால் துணியை அழுத்திக்கொண்டிருப்பாள். தெருக்குழாயில் ஒரு பெண், “இன்னாம்மே, நிலத்துக்குத் தண்ணி இல்லன்னு ஊரே அழுவுது, உனுக்கு மட்டும் ரவிக்க வரிக்கும் பாயுதே!” என்றாளாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரிச்சேன் என்று சொன்னாள். அதற்குப் பிறகு குழாய்க்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அறுவடை முடியட்டும், பார்க்கலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதற்குள் பாலாவது நிற்கட்டும் என்று, புள்ளலூரிலிருந்து என் மாமியார் வாழையிலை நிறைய மல்லிகைப் பூவோடு வந்து இறங்கினார். மல்லியை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். எங்கள் பக்கத்தில் பிள்ளை தவறிப்போனவர்களுக்கு அப்படித்தான் கட்டுவார்கள். இடது பக்கம் மட்டும் கட்டினால் போதுமே என்றாள் என் அம்மா.

“அது எப்டி சம்மந்தியம்மா நிக்கும்?” என்றார் மாமியார். “ரெண்டும் ஒரே ஏரித் தண்ணிதான? ஒரு மதவ தொறந்து வெச்சிக்கினு இன்னொண்ணு காயணும்னா காயுமா? அதுல தண்ணி இருக்கிற வரிக்கும் இதுல கசிஞ்சிக்கினுதான் கீது. ரெண்டத்தயும் அடைச்சிட்டு, இது காஞ்சதும் நல்ல பக்கத்த தொறந்து வுட்டா, அது பாட்டுக்குப் பாயப்போவுது.”

ஏரி மதகோடு ஆயுசு முழுக்க மல்லுக்கட்டிய என் அப்பா தலையாட்டினார். அவருக்கு அது சரியாகப் பட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அறிவியல் வாத்தியாருக்கும் சரியாகத்தான் பட்டது. வலது பக்கம் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை நானும் எடுத்துச் சொல்லவில்லை. இரண்டு மார்பும் தனித்தனியாகச் சுரக்கிறவை என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு பக்கமும் பூவை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். வாட வாட மாற்றினார்கள். குழந்தைக்கு அதுவரை மாட்டுப் பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம். வீடு கல்யாண வீடு போல மணத்தது. வலது மார்பு முதலில் கல்லாக இறுகி, அவள் கையைத் தூக்க முடியாமல் தவித்தாள். பிறகு தளர்ந்தது. இடது பக்கச் சொட்டும் குறைந்து, ஒரு நாள் நின்றே போனது. ஓட்டையின் மேல் வெங்காயத் தோல் மாதிரி ஒரு தோல் மூடியது. “பாத்தீங்களா, கத்தி எதுக்கு?” என்று தாய்மாமன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவள் காய்ந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள்.

நல்ல பக்கத்தைத் திறந்துவிட வேண்டும் அல்லவா? குழந்தையை அணைத்துக் காம்பை வாயில் வைத்தாள். குழந்தை இழுத்தது. மறுபடி இழுத்தது. பிறகு தலையைப் பின்னால் தள்ளி வீறிட்டது. பூண்டு வேகவைத்துக் கொடுத்தோம். சந்தைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்தேன். அம்மா அதைப் புட்டாக்கித் தந்தாள். எதற்கும் அசையவில்லை.

“ரெண்டும் போச்சுங்க,” என்றாள். அழவில்லை. குழந்தைதான் அழுதுகொண்டிருந்தது. மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் தலையில் அடித்துக்கொண்டார்.

தண்ணீர் கலந்த மாட்டுப் பாலையே தொடர்ந்தோம். வயிற்றால் போய்க் குழந்தையின் கண் உள்ளே இழுத்துக்கொண்டது. பஜாரில் கடை வைத்திருந்த பாய் டின் பாலை எடுத்துத் தந்துவிட்டு, என் கையைப் பிடித்து நிறுத்தினார். “வாத்தியாரே, தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு, ஆற வெச்சு கலக்குங்க. பச்சத் தண்ணி ஊத்திக்கினு பேஜார் ஆயிடப்போவுது.” அன்றிலிருந்து வீட்டில் ஒரு அடுப்பு தண்ணீருக்காகவே எரிந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் டின் பால் குடித்துவிட்டும் அவள் மார்பில் முகத்தைத் தேய்த்துத் தேடும். அந்த நேரத்தில் நான் அங்கே நிற்கமாட்டேன்.

அப்போதுதான் மூடியிருந்த தோல் சிவக்க ஆரம்பித்தது. குளிர் ஜுரம் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்து வாசலில் நின்றவள் சட்டென்று குனிந்தாள். புண் உடைந்து சீழ் ஓடியது. செய்தி கேட்டு வந்த தாய்மாமன், ஊரிலேயே மறுபடி கீறிவிட்டால் போதும் என்றார். என் அப்பா, நெல் இன்னும் களத்திலேயே கிடக்கிறது என்றார்.

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். குழந்தையை என் அம்மா கையில் கொடுத்தாள். “அத்த, பாத்துக்கோங்க.” பிறகு என்னிடம், “நான் காஞ்சிபுரம் போறேன். வர்றதா இருந்தா வாங்க.” அப்பா முன்னால் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த முறை அறைக்குள் அவளும் நானும் மட்டும். மருத்துவர் வழக்கம்போல என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“எங்கிட்ட சொல்லுங்க சார்,” என்றாள் அவள். “ஒடம்பு என்னுது.”

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். பால் எப்படி இரண்டு பக்கமும் நின்றது என்று கேட்டார். பூவைச் சொன்னாள். அவர் புண்ணைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“அறுத்தா முன்ன மாதிரி இருக்குமா சார்?”

“இருக்காதும்மா. அன்னைக்கே செஞ்சிருந்தா கொஞ்சம் எடுத்தாப் போதும். இப்ப சீழ் உள்ள பரவியிருக்கு. நிறைய எடுக்கணும். அந்தப் பக்கம் குழியாத் தெரியும்.”

சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கொழுத்த குழந்தை சிரித்தது.

“திரும்பத் திரும்ப ஒடையாதில்ல?”

“சத்தியம் பண்ண முடியாது. பெரும்பாலும் ஒடையாது.”

“அது போதும் சார். எடுத்துடுங்க.”

எடுத்தார்கள். அவர் சொன்னதைவிடக் கூடுதலாகவே எடுக்க வேண்டியிருந்தது. முதல் முறை கட்டுப் பிரித்தபோது என்னை வெளியே போகச் சொன்னாள். திரும்ப உள்ளே போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். “பாத்தியா?” என்றேன். “பாத்தேன்,” என்றாள். தையல் சீழ் பிடிக்காமல் ஆறியது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று அப்பா வந்தார். களத்து நெல்லை வாலாஜாபாத் மில்லில் வந்த விலைக்குப் போட்டுவிட்டு, பணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு நேராக வந்திருந்தார். வார்டுக்குள் வரவில்லை. பணம் கட்டும் ஜன்னலருகே நின்று, “எவ்ளோன்னு கேளு நைனா,” என்றார். கேட்டேன். ஆபரேஷன், மருந்து, படுக்கை வாடகை எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்து எழுநூறு ரூபாய். அப்பா துண்டின் முடிச்சை அவிழ்த்தார்.