இருபது வருடப் பிழை

மதியம் இரண்டு மணிக்கு அந்த மாடிப்படியில் ஒன்பதாவது படி மட்டும் காலைச் சுடும். கூரை ஓடுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடி வழியே வெயில் நேராக அதன்மேல்தான் விழும். மொத்தம் பதினேழு படிகள். நான் எட்டிலிருந்து பத்துக்குத் தாவிவிடுவேன், எனக்கு முன்னால் போகும் மைமூன் அக்காவோ எதை மிதிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஓடுவாள். அவள் காலில் கொப்புளம் வந்துவிடுமே என்று நான்தான் கவலைப்பட்டேன். கவலைப்படுவதும் எண்ணுவதும் பதினோரு வயதிலேயே என்னைப் பிடித்துக்கொண்ட வியாதிகள்.

அறுபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்த எங்கள் தெருவில், பெரியவளான பெண் பள்ளிக்கூடம் போகமாட்டாள். அக்கா பதின்மூன்றில் நின்றுவிட்டவள், அப்போது பதினாறு. அந்த வருடம் சைகோனிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்திருந்த சபியா என்ற இருபத்தாறு வயதுப் பெண், அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், இப்படி வீட்டில் முடங்கிக் கிடந்த பெண்களுக்கு இஸ்லாமிய நாகரிகத்தின் சரித்திரத்தைத் தன் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் சொல்லித்தர ஆரம்பித்தார். பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். தெருவில் பெண் தனியாக நடக்கக்கூடாது என்பதால் அக்காவுக்குத் "தொணை" நான். சபியாவைப் பெண்கள் விளையாட்டாக "மதாம்" என்று கூப்பிட, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

மதாமிடம் இருந்த ஒரே புத்தகம் அவருடைய தாத்தா விட்டுப்போனது; அரபு எழுத்தில் தமிழ் அச்சான, மூலையெல்லாம் செல்லரித்த தடிப்புத்தகம். அதிலிருந்து அவர் பாக்தாதை வட்டமாகக் கட்டிய கதையையும், கார்டோபா வீதிகளில் விளக்கு எரிந்த கதையையும், காகிதம் சீனத்திலிருந்து கை மாறிக் கை மாறி வந்த கதையையும் நேரில் பார்த்தவர் போலச் சொல்வார். ஃபெஸ் நகரத்தில் ஒரு பெண் கட்டிய பள்ளிவாசல் பெரிய கல்விக்கூடமாக வளர்ந்ததைச் சொன்ன அன்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அவங்க வூட்டுல ஒண்ணும் சொல்லலியா மதாம்?"

"சொல்றதுக்கு அத்தா இல்ல. சொத்த உட்டுட்டு மௌத்தாயிட்டாரு. அதுலதான் கட்டினாங்க."

"அதானே பாத்தேன்!" என்றாள் அவள், மாடியே சிரித்தது.

எங்கள் அத்தா உயிரோடுதான் இருந்தார். காரைக்காலிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்து காத்திருந்தது. "வகுப்பு நடக்கற வரைக்கும் நான் கல்யாணப் பேச்ச எடுக்கல, அது நின்னுபோச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது" என்று அவர் அக்காவிடம் சொல்லியிருந்தார். வகுப்பு நீடிப்பதோ தெருப் பெரியவர்கள் மூவரின் கையில் இருந்தது. ஆறு மாதம் நடக்கட்டும், பிறகு பெண்கள் படித்ததை எங்கள் முன் பேசிக்காட்டட்டும், அதைக் கேட்டு முடிவு சொல்கிறோம் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. பேசுவதற்கு மதாம் தேர்ந்தெடுத்தது அக்காவை. தலைப்பு, பாக்தாதின் வீழ்ச்சி.

தாத்தாவின் புத்தகத்தில் இருந்தவை பிறை பார்த்து எண்ணும் ஹிஜ்ரி வருடங்கள் மட்டுமே. "நம்ம காலண்டர்ல அது எந்த வருஷம்?" என்று பெண்கள் கேட்டபோதெல்லாம் மதாம் அதோடு, ஹிஜ்ரி தொடங்கிய ஆங்கில வருடமான அறுநூற்று இருபத்திரண்டைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்தாத் விழுந்தது ஹிஜ்ரி 656, கூட்டினால் 1278. அக்கா வீட்டில் இதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா பிறை பார்த்து எண்ணுகிற கணக்கில் எனக்குப் பதினொன்று முடிந்திருந்தது, பள்ளிக்கூடக் கணக்கில் இன்னும் நான்கு மாதம் பாக்கி. இந்த வித்தியாசம் எப்படி வந்ததென்று நான் முன்பே துருவிப் பார்த்திருந்தேன். பிறைக் கணக்கில் வருடம் பதினோரு நாள் குறைவு; முப்பத்து மூன்று வருடத்துக்கு ஒரு வருடம் கழன்றுவிடும்; அறுநூற்று ஐம்பத்தாறுக்கு இருபது. அப்படியானால் 1258.

பேச்சுக்கு மூன்று நாள் இருந்தது. அக்காவிடம் சொன்னேன். "மதாமுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா? எண்ணி எண்ணியே உசுர வாங்காதடா, போய் தண்ணி எடுத்தா" என்று விரட்டிவிட்டாள்.

அந்த ஞாயிறன்று மதாம் வீட்டுக் கூடத்தில் கயிறு கட்டிப் புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மதாமும் பதினோரு பெண்களும். இந்தப் பக்கம் நாற்காலிகளில் மூன்று பெரியவர்கள், பாயில் அத்தாவும் நானும். மூவரில் மூத்தவர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதிய பென்ஷன்காரர். ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் "முசே" என்றது.

அக்கா பேசினாள். படையெடுத்து வந்தவர்கள் நூலகங்களின் புத்தகங்களை ஆற்றில் எறிந்து, மை கரைந்து தண்ணீர் கறுத்ததாகச் சொல்வார்களே, அந்த இடத்துக்கு வந்தபோது புடவைக்குப் பின்னால் யாரோ விசும்பினார்கள். முசேகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நடந்தது ஹிஜ்ரி அறுநூற்று ஐம்பத்தாறு, அதாவது ஆயிரத்து இருநூற்று எழுபத்தெட்டு" என்று அவள் முடித்தாள். என் பாழாய்ப்போன வாய் திறந்துகொண்டது.

"அம்பத்தெட்டு!"

அத்தா என் தொடையைக் கிள்ளினார். முசே திரும்பினார். "இன்னாடா அம்பத்தெட்டு? இங்க வந்து சொல்லு."

போய் நின்று, விரல் விட்டு எண்ணி, பதினோரு நாளிலிருந்து இருபது வருடம் வரைக்கும் விளக்கினேன். எனக்கு அது எத்தனை இன்பமாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. புடவைக்குப் பின்னாலிருந்து மதாமின் குரல் வந்தது: "தம்பி சொல்றது சரி. தப்பு என்னுதுதான். வர்ற ஞாயித்துக்கெழம எல்லா வருஷத்தையும் திருத்திக்கிறோம்."

"வர்ற ஞாயித்துக்கெழமயா?" என்று முசே சிரித்தார். "ஒரு பொடிப்பய வந்து திருத்தறான், இதுல வகுப்பு ஒரு கேடா? போதும்மா. பொண்ணுங்க வூட்டு வேலைய கத்துக்கட்டும்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர் என் முதுகில் தட்டி, "புலிடா நீ" என்றார்.

அங்கிருந்து எங்கள் வீடு இருநூற்றுப் பதினான்கு தப்படி. எண்ணிக்கொண்டே அக்காவின் பின்னால் நடந்தேன். மறுநாள் அவள் இல்லாத நேரத்தில் அவளுடைய நோட்டைத் திறந்து பார்த்தேன். ஆறு மாதம் எழுதிய வருடங்கள் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதியிருந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்றிலும் தப்பில்லை. ஐந்தாம் மாதம் அவள் கல்யாணமாகிக் காரைக்காலுக்குப் போய்விட்டாள்.

மதாமின் வீடு இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி. மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, அந்தப் படிகளை இடித்து, கருங்கல் பதித்திருக்கிறார்கள். காலை எட்டரைக்கு எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குக் கிளம்பும் பெண்களைப் போன வாரம் வாசலில் நின்று எண்ணினேன், முப்பத்தொன்று. ஒருத்திக்கும் துணை கிடையாது, பாதிப் பேருக்குச் சொந்த ஸ்கூட்டர். மதாம் இல்லை, அவருடைய தாத்தாவின் புத்தகம் எங்கே போயிற்றென்று சொல்ல ஆளில்லை, பதினோரு பெண்களில் இருப்பவர்கள் நால்வர். அக்கா அந்த நால்வரில் ஒருத்தி. எண்ணி முடித்த கையோடு உள்ளே வந்து காரைக்காலுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கி நான் வாயத் தொறந்ததாலதானேக்கா எல்லாம் போச்சு?"

"இன்னாடா, இதுக்கா போன் போட்டே? நான் வேற யாரோ போயிட்டாங்கன்னு பயந்துட்டேன்." சிரித்து முடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ மூணு நாள் முன்னாடியே எங்கிட்ட சொன்னியே. நான் மதாம்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லல. கணக்குல என்னையும் சேத்துக்க."

இத்தனை வருடமாக அந்தக் குற்றத்துக்கு என் ஒருவனைத்தான் எண்ணி வந்திருக்கிறேன். "அப்போ ரெண்டு பேரு" என்றேன்.

"நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தாங்களே மூணு பேரு," என்றாள் அக்கா, "அவங்கள ஏன்டா எண்ணாம உட்டுட்டே?"