ஒரு நாள் வாட்டிய இலை

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் சூளை வாயில் நின்ற காலத்தில்கூட ஆதிலட்சுமி எதற்கும் பயந்தவள் இல்லை. ஆராய்ச்சிப் பண்ணை வேலைக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. அதுவும் ஒரு கட்டு இலையால்.

பண்ணையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கூண்டுகளில் மரவள்ளி வளர்கிறது. ஒரு கூண்டில் புற ஊதாக் கதிர் விளக்கு எரியும். இலையெல்லாம் தடித்துச் சுருண்டு கிடக்கும். இன்னொன்றில் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு விடுவார்கள். செடி மதமதவென்று நிற்கும். கழித்த இலையைக் குழியில் போட்டு மூடச் சொல்லியிருந்தார் ஆராய்ச்சி செய்யும் பானுமதி. ஏன் என்று சொல்லவில்லை. ஆடு வளர்க்கிறவளுக்குப் பச்சை இலையைப் புதைக்க மனசு வருமா? மதமதத்த கூண்டின் இலையை ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பச்சை மரவள்ளி இலை தின்றால் ஆடு சாகும் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் வாடப் போட்டால் விஷம் இறங்கிவிடும் என்பதும் தெரியும். அவளும் அப்படியே வாடப் போட்டு, மறுநாள்தான் சினையாட்டுக்கு வைத்தாள்.

சற்று நேரத்தில் ஆடு நடுங்கி விழுந்தது. வாயில் நுரை தள்ளியது. புருஷன் சாமிக்கண்ணு வெல்லத் தண்ணீர் புகட்ட, அவள் ஆட்டின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே குட்டி உதைத்தது. பிறகு உதைக்கவில்லை. மாட்டு டாக்டர் ஊசி போட்டு ஆட்டைக் காப்பாற்றினார். குட்டி செத்துத்தான் விழுந்தது.

"வாட வச்சுத்தான் மேடம் குடுத்தேன்," என்றாள் பானுமதியிடம்.

பானுமதிக்கு முகம் செத்துப்போனது. "அந்தக் காத்துல வளர்ற இலையில வெசம் கூடுதான்னுதான்க்கா பாத்துக்கிட்டு இருக்கோம். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"கூண்டுக்குள்ள மட்டுந்தான மேடம்?"

"வெளியவும் அந்த வாயு வருஷா வருஷம் ஏறிக்கிட்டுத்தான் இருக்குது. கூண்டு அளவுக்கு வர இன்னும் வருஷம் ஆகும்."

ஆதிலட்சுமி அன்று கழித்த இலையையெல்லாம் வாரிக் குழியில் போட்டு மூடினாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாரியம்மாள் தன் கொல்லையில் ஒடித்த மரவள்ளி இலையை வேப்பமரத்தடியில் பரப்பிக்கொண்டிருந்தாள். "ஏன்க்கா, நாளைக்கி ஆட்டுக்குப் போட்டுடலாமில்ல?"

வருஷக்கணக்காகக் கேட்கிற கேள்விதான். ஆதிலட்சுமி தலைகூட நிமிராமல் பதில் சொல்லிவிடுவாள். இன்று ஓர் இலையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். எப்போதும் போன்ற இலைதான். கொட்டிலில் மாரியம்மாளின் ஆடுகள் தீனிக்குக் கத்தின.

"தெரியலடி," என்றாள்.