துரைமாருக்கு முன்னால் ஓடியது

பெரிய சண்டை முடிந்த பிறகு சீமைக்குப் புறப்பட்ட ஒரு துரையிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்துச்சாலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தோட்டத்தின் தூரத்து டிவிசன்களுக்குப் போய்வர அது தேவை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சாயங்காலம் கதவைச் சாத்திய பிறகு பேச ஆளில்லை. லயங்களில் குடியிருந்த கூலியாட்களுக்கு நான் ஐயா, கிட்டே வரமாட்டார்கள். பங்களாவில் நான் மருந்துக்காரன், வாசற்படியோடு சரி. வண்டியைத் துடைத்தபடி அதனோடுதான் பேசிக்கொண்டிருப்பேன்.

எங்கள் தோட்டத்து எல்லையில் இருந்த புல்மேட்டில் துரைமார் வருடா வருடம் மோட்டார் சைக்கிள் பந்தயம் வைப்பார்கள்; எங்கள் பெரிய துரையும் ஓட்டுவார். ஒரு வருடம் ஆள் குறைந்ததால் அவருக்குக் கீழிருந்த சின்னத்துரை என்னையும் சேர்த்துவிட்டார். என் வண்டியை உதைத்துக் கிளப்ப முடியாது. கொடி விழுந்ததும் தள்ளிக்கொண்டு ஓடி, இன்ஜின் இருமத் தொடங்கியதும் தாவி ஏற வேண்டும். தினமும் செய்கிற வேலைதான். ஆனால் கொடி விழுந்தபோது என் கால் நகரவில்லை. எல்லாரும் போன பிறகுதான் ஓடினேன்.

"பயமா?" என்று சின்னத்துரை சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் யோசித்தபோதுதான் பிடிபட்டது. தோட்டத்து ரோட்டில் துரை வந்தால் வண்டியில் போகிறவன் இறங்கி, ஓரமாக நின்று, அவர் போன பிறகுதான் ஏற வேண்டும். வருடக்கணக்காக அப்படிப் பழகிய உடம்பு இது. இரண்டு பக்கமும் துரைமாரை நிறுத்தினால் வழி விடாமல் வேறென்ன செய்யும்?

ஜெயிக்கிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. ஒரே ஒரு தடவை அவர்களுக்கு முன்னால் புறப்பட்டுவிட வேண்டும். அந்த வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில், தேயிலை ஸ்டோருக்குப் போகும் ஆளில்லாத ரோட்டில், இரண்டு தேயிலைப் பெட்டிகளை நிறுத்தி அவற்றின் மேல் பழைய தொப்பிகளைக் கவிழ்த்துவைத்து நடுவில் நிற்பேன். ஒரு கல்லை மேலே எறிவேன். அது விழும் சத்தம்தான் எனக்குக் கொடி. ஆரம்பத்தில் அந்தப் பெட்டிகளுக்குக்கூடத் தயங்கினேன். வெட்கக்கேடு! மழைக்காலம் வருவதற்குள் தயக்கம் குறைந்தது.

மறு வருடம் கொடி விழுந்தது. ஓடினேன், தாவினேன். முன்னால் புல்லும் வானமும்தான் இருந்தன. சரிவில் எங்கள் தோட்டத்துச் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. இன்ஜின் இரைச்சலில் அமுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வளைவில் பெல்ட் வழுக்கி, கடைசி ஆளாக வந்து சேர்ந்தேன். அதனால் எனக்கொன்றும் வருத்தமில்லை.

மறுநாள் இருமலுக்கு மருந்து வாங்கக் கொழுந்து பறிக்கிறவள் ஒருத்தி வந்தாள்.

"நேத்து பந்தயம் பாக்க வந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"வந்தோமுங்க டாக்டரய்யா. நீங்கதானே மொதல்ல போனீங்க."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் சத்தம் போடல?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எப்புடிங்க போடுறது? ஒங்க பின்னால பெரிய தொர வந்தாரே. நாங்க மனசுக்குள்ளதான் போட்டோம்."

போத்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வெளியே இன்னும் ஆட்கள் மருந்துக்குக் காத்திருந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.